“அப்பனும் லேட்டாத்தான் பேசினான்” என்று காத்திருக்காதீர்கள்



சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாலம் தாண்டி சிங்கப்பூர் போயிருந்தேன். என் அக்காள் மகளை அங்கே கட்டிக் கொடுத்திருக்கிறோம். தேக்கா மார்க்கெட்டுக்குப் பின்னால் பஃபலோ ரோட்டு அடுக்குமாடியில் வீடு. காலையில் பசியாறிவிட்டு, சிராங்கூன் ரோட்டிலுள்ள வீரமாகாளியம்மன் கோயிலுக்கு எல்லோரும் போனோம். அவளுடைய பையனுக்கு ஒன்றரை வயது. என் தோளில் இருந்தான். பூசை மணி அடித்ததும் பிள்ளை சட்டென்று தலையைத் திருப்பி, மணி இருந்த பக்கம் விரலை நீட்டி, “ணி... ணி...” என்றான்.

இதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். அந்தப் பிள்ளை பிறவியிலேயே காது கேளாதவன். பிறந்தபோது பக்கத்தில் பட்டாசு வெடித்தாலும் அவனுக்குத் தெரிந்திருக்காது. இப்போது அவன் காதுக்குப் பின்னால் ஒரு சின்னக் கருவி மாட்டியிருக்கிறது. அதிலிருந்து ஒரு ஒயர் போய், 50 காசு அளவுள்ள ஒரு வட்டில் தலையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தோலுக்கு உள்ளே ஆப்பரேஷன் செய்து வைத்த இன்னொரு பாகம் இருக்கிறது. இதைத்தான் ‘காக்ளியர் இம்பிளாண்ட்’ என்கிறார்கள். உள்காதுக் கருவி என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

கோயிலில் நின்றபடியே எனக்கு இன்னொரு பிள்ளையின் ஞாபகம் வந்தது. அதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே எழுத வேண்டும்.

நான் செய்த தப்பு

20 வருஷத்துக்கு முன், நான் இந்த வேலைக்கு வந்த புதிது. ஒரு தாய் தன் 2 வயது மகளைத் தோட்ட ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார். “டிரஸர் ஐயா, பிள்ளை இன்னும் ‘அம்மா’னுகூட சொல்ல மாட்டேங்குது” என்றார். நான் பிள்ளையின் முன்னால் நின்று கையைத் தட்டினேன். பிள்ளை சிரித்தது. கூட வந்த பாட்டி, “இவ அப்பனும் மூணு வயசுலதான் பேசினான்” என்றார். நானும் தலையை ஆட்டி, “பேசிடும்மா, கவலைப்படாதே” என்று வைட்டமின் மருந்து கொடுத்து அனுப்பிவிட்டேன்.

பிள்ளை சிரித்தது என் கையைப் பார்த்துத்தான். தட்டிய சத்தம் அதற்குக் கேட்கவே இல்லை. பள்ளிக்கூடம் சேர்க்கும் வயதில்தான் டவுன் ஆஸ்பத்திரியில் சோதித்து, இரண்டு காதும் கேட்காது என்றார்கள். “நாள் ரொம்ப கடந்து போச்சு, சீக்கிரம் வந்திருக்க வேணும்” என்றார் டாக்டர்.

அந்தப் பெண் இன்று நன்றாகத்தான் இருக்கிறாள். கையால் பேசுகிறாள், தையல் வேலை செய்கிறாள், கெட்டிக்காரி. ஆனால் அவள் தாய் என்னைப் பார்க்கும்போதெல்லாம், “ஐயா, அன்னைக்கே போயிருந்தா?” என்று கேட்பார். அதற்குப் பதில் சொல்ல இன்றுவரை எனக்கு வாய் வரவில்லை. இன்னொரு தாய்க்கு அந்தக் கேள்வி வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

காது எப்படிக் கேட்கிறது?

சத்தம் காற்றில் வந்து காதுச் சவ்வில் மோதுகிறது. சவ்வுக்குப் பின்னால் 3 சின்ன எலும்புகள் அந்த அதிர்வை உள்காதுக்குக் கடத்துகின்றன. உள்காதில் நத்தை ஓடு போல இரண்டரைச் சுற்று சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. அதற்குப் பெயர் காக்ளியா. அதற்குள் சுமார் 15,000 மெல்லிய மயிர் அணுக்கள் உண்டு. அதிர்வை மின்சாரமாக மாற்றி, காது நரம்பு வழியாக மூளைக்கு அனுப்புவது இவைதான்.

கோளாறு எங்கே என்பதைப் பொறுத்து வைத்தியம் மாறும்.

வெளிக்காது, சவ்வு, எலும்பு இவற்றில் கோளாறு என்றால், உதாரணமாக அழுக்கு அடைப்பு, சீழ் வடிதல், சவ்வில் ஓட்டை, அது பெரும்பாலும் மருந்திலோ ஆப்பரேஷனிலோ சரியாகும். இவர்களுக்கு உள்காதுக் கருவி தேவையில்லை.

மயிர் அணுக்களில் கொஞ்சம் செத்துப் போனால், காதில் மாட்டும் சாதாரண கருவி போதும். அது சத்தத்தைப் பெரிதாக்கிக் கொடுக்கும். மீதி இருக்கும் அணுக்கள் அதைப் பிடித்துக்கொள்ளும்.

மயிர் அணுக்கள் பெரும்பாலும் செத்துவிட்டால்? பால்வெட்டு வேலை செய்தவர்களுக்குத் தெரியும். பட்டை வறண்டுபோன மரத்தில் எவ்வளவு ஆழமாக வெட்டினாலும் பால் இறங்காது. அதுபோலத்தான், சத்தத்தை எவ்வளவு கூட்டினாலும் இந்தக் காதுக்குள் வார்த்தை இறங்காது. “சத்தம் கேக்குது, என்ன சொல்றாங்கன்னு புரியல” என்பார்கள். செத்த மயிர் அணுக்கள் திரும்ப முளைப்பதும் இல்லை.

இந்த இடத்தில்தான் உள்காதுக் கருவி உதவுகிறது. செத்த அணுக்களைத் தாண்டி, நேராகக் காது நரம்பையே அது தட்டி எழுப்புகிறது. வெளியே மாட்டிய கருவி பேச்சை வாங்கி, மின் சமிக்ஞையாக்கி, தோலைத் தாண்டி உள்ளே அனுப்புகிறது. உள்ளே, நத்தைச் சுருளுக்குள் செலுத்திய மெல்லிய கம்பியில், கம்பெனிக்குத் தக்கபடி 12 முதல் 22 வரை மின்முனைகள் இருக்கும். அவை நரம்பைத் தூண்டுகின்றன. 15,000 அணுக்கள் செய்த வேலையை 22 முனைகள் செய்வதென்றால் அச்சாக அதே சத்தம் வராது. ஆனால் பேச்சைப் புரிந்துகொள்ள அது போதும்.

இதைக் கண்டுபிடித்தவர்கள்

1957ல் பாரிஸில் ஜூர்னோ, ஐரிஸ் என்ற இருவர் காது நரம்பை மின்சாரத்தால் தூண்டிப் பார்த்தார்கள். 1961ல் அமெரிக்காவில் வில்லியம் ஹவுஸ் என்ற டாக்டர் ஒரே கம்பியுள்ள கருவியை வைத்தார். ஆஸ்திரேலியாவில் கிரேயம் கிளார்க் என்ற டாக்டர் பல மின்முனைகள் கொண்ட கருவியை 1978 ஆகஸ்டு 1ந் தேதி மெல்பர்னில், விபத்தில் காது போன ஒருவருக்குப் பொருத்தினார். அதே காலத்தில் வியன்னாவில் ஹோக்மயர் தம்பதியரும் இதில் உழைத்தார்கள்.

கிளார்க்கின் தகப்பனார் மருந்துக் கடை வைத்திருந்தவர். அவருக்குக் காது சரியாகக் கேட்காது. வாடிக்கைக்காரர்கள் கடையில் நின்று தங்கள் அந்தரங்க வியாதியைக் கத்திச் சொல்ல வேண்டியிருந்ததைப் பார்த்து வளர்ந்தவர் மகன். தகப்பன் பட்ட சங்கடத்திலிருந்து மகனுடைய வேலை பிறந்தது.

யாருக்கு இந்தக் கருவி உதவும்?

எல்லாச் செவிட்டுக்கும் இது மருந்து அல்ல. முடிவு சொல்ல வேண்டியவர் நிபுணர். ஆனால் அந்த நிபுணரிடம் யாரை அனுப்ப வேண்டும் என்று கண்டுபிடிப்பது வீட்டிலும், ஆயாக் கொட்டகையிலும், என்னைப் போன்றவரின் மேசையிலும் நடக்கிற வேலை. ஆப்பரேஷன் செய்யும் கை எவ்வளவு கெட்டியாக இருந்தாலும், ஆள் அங்கே போய்ச் சேராவிட்டால் என்ன பயன்?

நான்கு வகை ஆட்களைக் கவனியுங்கள்.

முதல் வகை: பிறவியில், அல்லது பேச்சு வருமுன் காது போன குழந்தைகள். ஆயிரம் குழந்தை பிறந்தால் 1 முதல் 3 குழந்தைக்குக் காதில் குறை இருக்கலாம். இவர்களுக்கு நாள்தான் மருந்து. மூளையில் பேச்சுக்கென்று இருக்கும் இடம், முதல் சில வருஷங்களில் சத்தம் கேட்டால்தான் அந்த வேலையைப் பழகும். கேட்காவிட்டால் அந்த இடத்தைக் கண்ணும் மற்ற புலன்களும் எடுத்துக்கொள்ளும். பிறகு கருவி வைத்தால் சத்தம் போகும், மூளைக்கு அது பேச்சாகத் தெரியாது. அதனால்தான் இப்போது ஒரு வயதுக்குள்ளேயே வைக்கப் பார்க்கிறார்கள். 2 வயதுக்குள் என்றாலும் நல்லது. 5 வயதுக்கு மேல் பலன் வெகுவாகக் குறையும்.

இரண்டாம் வகை: நன்றாகப் பேசிக்கொண்டிருந்து பிறகு காது போனவர்கள். மூளைக்காய்ச்சல், தலையில் அடி, சில மருந்துகள், பரம்பரை, வயது என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். இவர்களுடைய மூளைக்குப் பேச்சு தெரியும். அதனால் கருவி நன்றாகப் பிடிக்கும். 70, 80 வயதானவர்களுக்கும் வைக்கிறார்கள். உடம்பு மயக்க மருந்தைத் தாங்கினால் வயது தடை இல்லை.

மூன்றாம் வகை: மூளைக்காய்ச்சல் வந்து பிழைத்தவர்கள். இவர்களைத் தனியாகச் சொல்கிறேன். இந்தக் காய்ச்சலுக்குப் பிறகு நத்தைச் சுருளுக்குள் எலும்பு வளர்ந்து அடைத்துக்கொள்ளும். சில மாதத்திலேயே, சிலருக்குச் சில வாரத்திலேயே, கம்பி நுழைய வழி இல்லாமல் போகும். மூளைக்காய்ச்சல் வார்டிலிருந்து வீட்டுக்கு வரும் பிள்ளைக்கு, வருமுன்பே காது சோதனை கேட்டு வாங்குங்கள்.

நான்காம் வகை: காதில் மாட்டும் கருவியை வாங்கி, “இது சரிப்படல” என்று அலமாரியில் போட்டுவிட்டவர்கள். இவர்கள்தான் அதிகம் தப்பிப் போகிறார்கள். சரியாகப் பொருத்திய கருவியும் உதவவில்லை என்றால், “அவ்வளவுதான்” என்று உட்காராமல் அடுத்த படிக்குக் கேட்க வேண்டும்.

யாருக்கு உதவாது?

காது நரம்பே இல்லாமல் பிறந்தவருக்கு உதவாது. பிறவியில் கேளாமல், சத்தமே அறியாமல் பெரியவரானவருக்குப் பலன் குறைவு. ஆபத்துச் சத்தம் தெரியலாம், பேச்சு புரிவது கடினம். சாதாரண கருவியில் நன்றாகக் கேட்பவருக்குத் தேவையில்லை. சீழ் வடியும் காதை முதலில் ஆற்ற வேண்டும்.

கணக்கு எப்படிப் பார்க்கிறார்கள்?

ஆஸ்பத்திரியில் ஒரு ஆடியோகிராம் தாள் கொடுப்பார்கள். அதில் டெசிபல் என்ற கணக்கு இருக்கும். நாம் சாதாரணமாகப் பேசுவது 60 டெசிபல் அளவு. ஒருவருக்கு 65 டெசிபல் சத்தத்துக்கு மேல்தான் காது விழிக்கிறது என்றால் கடுமையான குறை. 80க்கு மேல் என்றால் மிகக் கடுமை.

இங்கிலாந்தில் 2009ல் வைத்த விதிப்படி 90 டெசிபலுக்கு மேல் போனவருக்குத்தான் உள்காதுக் கருவி. 2019ல் அதை 80 ஆகக் குறைத்தார்கள். அமெரிக்காவில் 2020ல் ஒரு சுலபமான கணக்கு சொன்னார்கள். நல்ல காதே 60 டெசிபல் அல்லது அதற்கு மேல் போய்விட்டது, அந்தக் காதில் 100 வார்த்தைக்கு 60 அல்லது அதற்குக் கீழேதான் புரிகிறது என்றால், பெரியவர்களைச் சோதனைக்கு அனுப்பலாம் என்பது அது. அனுப்புவதற்குத்தான் இந்தக் கணக்கு, ஆப்பரேஷன் முடிவு அல்ல.

இதிலிருந்து நமக்கு ஒரு சேதி உண்டு. 10, 15 வருஷத்துக்கு முன் “உங்களுக்கு இது பொருந்தாது” என்று திருப்பி அனுப்பப்பட்டவர், இன்று பொருந்தக்கூடியவராக இருக்கலாம். மறுபடியும் போய்க் கேளுங்கள்.

வீட்டிலேயே கவனிக்கும் முறை

குழந்தைக்கு:

பிறந்த குழந்தை பெரிய சத்தத்துக்குத் திடுக்கிட வேண்டும். 3 மாதத்தில் தாயின் குரல் கேட்டு அழுகை அடங்க வேண்டும். 6 மாதத்தில் சத்தம் வந்த பக்கம் தலை திரும்ப வேண்டும். 9 மாதத்தில் பெயர் சொன்னால் பார்க்க வேண்டும். ஒரு வயதில் ஒரு வார்த்தையாவது வர வேண்டும். 2 வயதில் “அம்மா வா”, “பால் குடு” என்று இரண்டு வார்த்தை சேர வேண்டும்.

சோதிக்கும்போது நான் செய்த தப்பைச் செய்யாதீர்கள். பிள்ளையின் முன்னால் நின்று கை தட்டக்கூடாது. பின்னால், நிழல் படாமல், காற்று படாமல், தரை அதிராமல் நின்று மெதுவாகக் கூப்பிட வேண்டும். காது கேளாத பிள்ளைக்குக் கண் கூர்மை. கதவு நிழல் அசைந்தாலும் திரும்பிப் பார்க்கும். “எல்லாம் புரியுது, பேச்சு மட்டும்தான் வரல” என்று தாய் நினைப்பதும் இதனால்தான். இன்னொன்று, காது கேளாத குழந்தையும் முதல் சில மாதம் “ஆ... ஊ...” என்று மழலை போடும். பிறகு அது குறைந்து நின்று போகும். பேச்சு கூடாமல் குறைகிறது என்றால் அன்றே வண்டி ஏறுங்கள்.

பெரியவருக்கு:

பின்னால் ஒரு கை நீளம் தள்ளி நின்று, ஒரு காதை விரலால் அடைத்துத் தேய்க்கச் சொல்லி, “நாலு, க, ஏழு” என்பது போல மூன்றைக் கிசுகிசுத்துச் சொல்லுங்கள். பாதிகூடத் திருப்பிச் சொல்ல முடியாவிட்டால் காதில் குறை உண்டு. ஏற்கெனவே கருவி மாட்டுபவர் என்றால், கருவியோடு உட்கார வைத்து, உங்கள் வாயைத் தாளால் மறைத்து, சாதாரண குரலில் 10 வார்த்தை சொல்லுங்கள். பாதிக்குமேல் தப்பினால் மேல் சோதனை கேளுங்கள். போனில் எந்தக் காதிலும் பேச முடியாதவர், கல்யாண வீட்டில் சிரித்துத் தலையாட்டிவிட்டு ஓரமாகப் போய் உட்காருபவர், இவர்களும் அந்தக் கணக்குத்தான்.

ஒரே இரவில் காது போனால் அது அவசர கேஸ். “சளி அடைச்சிருக்கும்” என்று விடாமல் 2, 3 நாளுக்குள் டாக்டரைப் பாருங்கள். அந்த நாள் தப்பினால் மருந்து வேலை செய்வது குறைந்துவிடும்.

எந்தக் குழந்தைக்குக் கூடுதல் கவனம்?

குறைமாதக் குழந்தை, கண்ணாடிப் பெட்டியில் வைத்த குழந்தை, பிறந்ததும் கடும் மஞ்சள் காமாலை வந்த குழந்தை, கர்ப்பத்தில் தாய்க்கு ருபெல்லா போன்ற கிருமி தாக்கிய குழந்தை, ஜென்டாமைசின் போன்ற ஊசி அதிகம் போட்ட குழந்தை, குடும்பத்தில் காது கேளாதவர் உள்ள குழந்தை. இவர்களுக்குச் சோதனை கட்டாயம்.

நம் ஜனங்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். தாய்மாமனுக்கும் அக்காள் மகளுக்கும், அத்தை பிள்ளை மாமன் பிள்ளைக்கும் முடிப்பது நம் வழக்கம். ரத்த உறவில் மறைந்திருக்கும் குறை, இரண்டு பக்கமும் சேர்ந்து பிள்ளைக்கு வரும் வாய்ப்பு கூடும். முடித்தவர்களைக் குறை சொல்லவில்லை. என் வீட்டிலும் உண்டு. பிள்ளை பிறந்ததும் காது சோதனையை மறக்காதீர்கள், அவ்வளவுதான்.

தேக்காவுக்குப் பக்கத்தில் நடப்பது

என் அக்காள் மகள் பிள்ளை பெற்றது கே.கே. ஆஸ்பத்திரியில். அது புக்கிட் தீமா ரோட்டில், தேக்காவிலிருந்து நடக்கிற தூரம். 1858ல் தொடங்கிய ஆஸ்பத்திரி. பழைய ஆட்கள் ‘கண்டாங் கெர்பாவ்’ என்பார்கள். அங்கே 2002 முதல், பிறக்கும் எல்லாக் குழந்தைக்கும் காது சோதனை செய்கிறார்கள். தூங்குகிற பிள்ளையின் காதில் சின்ன முனையை வைத்து, உள்ளே சத்தம் அனுப்பி, காதோ மூளையோ பதில் தருகிறதா என்று மெஷின் பார்க்கும். வலி இல்லை, சில நிமிஷ வேலை.

இதில் உலகம் முழுவதும் 1, 3, 6 என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை. 3 மாதத்துக்குள் குறை இருக்கிறதா என்று முடிவு. 6 மாதத்துக்குள் வைத்தியம் ஆரம்பம்.

அக்காள் மகள் பிள்ளை முதல் சோதனையில் தேறவில்லை. “காதில் தண்ணி இருக்கும், இன்னொரு தடவை பார்க்கலாம்” என்றார்கள். பல குழந்தைகளுக்கு அப்படித்தான் இருக்கும், பயப்பட வேண்டாம். ஆனால் இரண்டாவது தடவைக்கு அவள் தவறாமல் போனாள். மாமியார், “பச்சைப் பிள்ளையை ஏன் அலைக்கழிக்கிறே?” என்றாராம். அவள் கேட்கவில்லை. 3 மாதத்தில் முடிவு தெரிந்தது. முதலில் சாதாரண கருவி மாட்டிப் பார்த்தார்கள். பலன் இல்லை. ஸ்கேன் எடுத்து நரம்பு இருக்கிறதா என்று பார்த்தார்கள். மூளைக்காய்ச்சல் வராமல் தடுப்பூசி போட்டார்கள். 11ஆம் மாதம் ஆப்பரேஷன். “மாமா, அந்த ரெண்டு மூணு மணி நேரம் உயிரே இல்ல” என்றாள்.

சோதனையில் தேறிய குழந்தைக்கும் பிறகு காது போகலாம். அதனால் தேறிவிட்டது என்று பேச்சு வளர்ச்சியைக் கவனிக்காமல் விடக்கூடாது.

சிங்கப்பூரில் ஊட்ரமில் உள்ள ஜெனரல் ஆஸ்பத்திரியிலும், கென்ட் ரிட்ஜில் உள்ள தேசியப் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியிலும் பெரியவர்களுக்கும் இந்த வைத்தியம் உண்டு. பிரஜைகளும் நிரந்தரவாசிகளும் முதலில் பாலிகிளினிக் போய்க் கடிதம் வாங்கிப் போனால் சலுகைக் கட்டணம். 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் கண், காது, பல் மூன்றையும் பார்க்கும் திட்டம் 2018ல் தொடங்கியது. உதவிக் கருவிகளுக்கு, வருமானத்தைப் பார்த்து 90 சதவீதம் வரை, ஆயுளுக்கு 40,000 வெள்ளி உச்சவரம்பாக, ஒரு நிதி உண்டு. எந்தச் செலவுக்கு எந்த உதவி கிடைக்கும் என்று ஆஸ்பத்திரி சமூக ஊழியரிடம் கேளுங்கள்.

வேலை பெர்மிட்டில் இருப்பவர்களுக்கு இந்தச் சலுகைகள் கிடையாது. இதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் கப்பல் பட்டறையிலோ தொழிற்சாலையிலோ இரைச்சலில் காது கெட்டால், அது சிங்கப்பூர் சட்டப்படி நஷ்டஈட்டுக்கு உரிய தொழில் நோய். வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் அந்த உரிமை உண்டு. நம் பக்கம் சொக்சோவிலும் இது தொழில் நோய்தான். இரைச்சலில் கெட்ட காதுக்கு முதலில் சாதாரண கருவிதான், பெரும்பாலும் அதுவே போதும். காதடைப்பான் போடுவது அதைவிட மேல்.

நம் நாட்டிலோ, முதலில் கிளினிக் கெசிஹாத்தானில் கடிதம் வாங்கிப் பெரிய ஆஸ்பத்திரியின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்குப் போக வேண்டும். கோலாலம்பூர் செராஸில் உள்ள தேசியப் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் 1990களிலிருந்தே உள்காதுக் கருவி வைக்கிறார்கள். தமிழ்நாட்டில் சொந்தபந்தம் உள்ளவர்களுக்கு ஒரு தகவல்: அங்கே முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில், தகுதியுள்ள குடும்பத்தில் 6 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு இந்த ஆப்பரேஷன் அடங்கும்.

ஆப்பரேஷனுக்குப் பிறகுதான் வேலை

கருவி வைத்த மறுநாளே பிள்ளை பேசிவிடும் என்று நினைக்காதீர்கள். புண் ஆறிச் சில வாரம் கழித்துத்தான் மெஷினை முடுக்குவார்கள். பெரியவர்களுக்கு முதலில் பேச்சு, பொம்மை பேசுவது போலவும் கீச்சுக் குரலாகவும் கேட்கும். மாதக் கணக்கில் பழகப் பழகத் தெளியும். குழந்தைக்கு அது பிறந்த நாள் மாதிரி. அன்றிலிருந்துதான் காதுக்கு வயது. வருஷக் கணக்கில் பேச்சுப் பயிற்சி வேண்டும்.

அந்தப் பயிற்சியில் முக்கால்வாசி வீட்டில்தான். சோறு ஊட்டும்போது “சோறு”, தண்ணி ஊத்தும்போது “தண்ணி” என்று நாள் முழுவதும் பேச வேண்டும். எந்த மொழியில் என்று அக்காள் மகளுக்குக் குழப்பம் இருந்தது. வீட்டில் உங்களுக்கு எது சரளமாக வருமோ அதிலேயே பேசுங்கள் என்றாராம் பேச்சுப் பயிற்சியாளர். அதனால்தான் அந்தப் பிள்ளையின் வாயில் “ணி” வந்தது.

செலவும் ஆபத்தும் சொல்லாமல் விடக்கூடாது. கருவியும் ஆப்பரேஷனும் பல பத்தாயிரம் வெள்ளி. பிறகு பேட்டரி, ரிப்பேர், சில வருஷத்துக்கு ஒருமுறை வெளிக்கருவி மாற்றுவது என்று செலவு தொடரும். மிச்சம் இருக்கும் சொந்தக் கேள்வி அந்தக் காதில் போய்விடலாம். எம்.ஆர்.ஐ. எடுக்குமுன் கருவி இருப்பதைச் சொல்ல வேண்டும். கருவியைக் கழற்றினால் பிள்ளை மறுபடியும் கேளாதவன்தான். குளிக்கும்போதும் தூங்கும்போதும் அவனுக்கு நம் குரல் கிடையாது.

கருவி வைக்க முடியாவிட்டால்?

பிள்ளை வீணாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். சிங்கப்பூரில் 1954ல் காது கேளாத பிள்ளைகளுக்குச் சைகையில் பாடம் சொல்லிக் கொடுக்கப் பள்ளி தொடங்கியவர் பெங் சூ யிங். அவரும் காது கேளாதவர். அடுத்த வருஷம், 1955ல், காது கேளாதோர் சங்கம் அங்கே தொடங்கியது. இன்றும் அது சைகை மொழி கற்றுக் கொடுக்கிறது. சைகையும் ஒரு முழு மொழி. கருவி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், பிள்ளைக்கு ஏதாவது ஒரு மொழி சீக்கிரம் கிடைக்க வேண்டும். மொழி இல்லாமல் 5 வயது வரை விடுவதுதான் கொடுமை. அந்தக் கொடுமையில் எனக்கும் ஒரு பங்கு இருந்தது.

வெட்டி எடுத்துச் சுவரில் ஒட்டுங்கள்

1. பிள்ளை பிறந்த ஆஸ்பத்திரியில், “காது சோதனை செய்தாச்சா?” என்று கேளுங்கள். தாளை வாங்கி வையுங்கள்.

2. மறு சோதனைக்கு நாள் கொடுத்தால் வேலை நாளானாலும் போங்கள்.

3. ஒரு வயதில் வார்த்தை இல்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம்.

4. மூளைக்காய்ச்சலுக்குப் பிறகு உடனே காது சோதனை.

5. மாட்டும் கருவி உதவவில்லை என்றால், “உள்காதுக் கருவிக்கு நான் பொருந்துவேனா?” என்று நீங்களே கேளுங்கள். முன்பு மறுத்திருந்தாலும் கேளுங்கள்.

6. ஒரே நாளில் காது போனால் அது அவசரம்.

கோயிலிலிருந்து திரும்பும்போது அந்தப் பிள்ளை என் தோளிலேயே தூங்கிவிட்டான். அவன் தாய் காதுக் கருவியைக் கழற்றிப் பெட்டியில் வைத்தாள். சிராங்கூன் ரோட்டில் அன்று நல்ல இரைச்சல், அவனுக்கு ஒன்றும் இல்லை. விழித்ததும் முதலில் கருவியைத்தான் கேட்பானாம், பாலைக்கூட அப்புறந்தான்.

நம் தோட்டத்தில் யார் வீட்டுப் பிள்ளையாவது கூப்பிட்டால் திரும்பாமல் இருந்தால், தயவுசெய்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வாருங்கள். இந்தத் தடவை நான் முன்னால் நின்று கை தட்ட மாட்டேன்.

உங்கள் தோட்ட மருத்துவ உதவியாளர்